இசைக் கலைஞருக்கு ஷீல்டு செய்யக் கொடுக்கும் முன்: பெங்களூருவில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர் ஏரிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கிறது எங்கள் பட்டறை. சபாக்காரர்கள், பாட்டு வகுப்பு நடத்தும் மாமிகள், கோயில் உற்சவக் கமிட்டிகள், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தார், அப்புறம் இந்திரா நகர், கோரமங்களா பக்கத்து பேண்டு இளைஞர்கள் என்று பலரும் நினைவுப்பலகை செய்ய வருகிறார்கள். ஷீல்டு, மொமென்டோ, கேடயம், கன்னடத்தில் ஃபலகா என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எல்லாம் ஒன்றுதான். போனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

மேடையில் அந்தப் பலகை இருப்பது இரண்டு நிமிடம். அதற்கப்புறம் கலைஞர் வீட்டுக் கூடத்தில் முப்பது வருடம் இருக்கப் போகிறது. கீழே நாங்கள் சொல்லும் யோசனைகள் எல்லாம் அந்த முப்பது வருடத்தை மனதில் வைத்துச் சொல்பவை.

எத்தனை நாள் முன்னதாக ஆர்டர் கொடுக்க வேண்டும்?

அக்ரிலிக், மரம் என்றால் ஒரு வாரம். பித்தளைத் தகட்டில் அரித்து எழுத்து எடுப்பதென்றால் இரண்டு வாரம். மைசூருவில் கொடுத்து மரப்பதிப்பு வேலை செய்து வாங்க வேண்டுமென்றால் ஒன்றரை மாதம் கொடுங்கள்.

இரண்டு சீசனில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம். அந்த மாதம் முழுக்க தெருவுக்குத் தெரு விழா நடக்கும், மைசூர் பேட்டா எனும் தலைப்பாகையும் சால்வையும் ஷீல்டும் ஊர் முழுக்கத் தேவைப்படும், லேசர் மெஷினுக்கு ஓய்வே இருக்காது. இன்னொன்று ராமநவமி. சாம்ராஜ்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ஸ்ரீ ராமசேவா மண்டலியின் கச்சேரிகள் 1939இல் தொடங்கி இன்றும் நடக்கின்றன. அதே சமயத்தில் பேட்டைதோறும் சின்னச் சின்ன ராமோத்சவங்களும் நடக்கும். பங்குனி பிறந்த பிறகு வந்து நாளை மறுநாள் வேண்டும் என்று கேட்டால், கடையில் தயாராக இருக்கும் கோப்பையில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் தர முடியும். ஒரு கலைஞருக்கு அதைக் கொடுக்க எங்களுக்கு மனம் வருவதில்லை.

பலகையில் யார் பெயர் பெரிதாக இருக்க வேண்டும்?

வாங்குகிறவர் பெயர். இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

வருகிற ஆர்டர்களில் பாதிக்குமேல் சங்கத்தின் பெயர் மேலே பெரிதாக, நடுவில் சின்னம், அதன் கீழ் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள், ஓரத்தில் நன்கொடையாளர் கம்பெனியின் லோகோ, மிச்சமிருக்கும் இடத்தில் கலைஞர் பெயர் என்று வருகின்றன. அவர் வீட்டுச் சுவரில் அது மாட்டப்பட்டால் வீட்டுக்கு வருகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது உங்கள் பொருளாளர் பெயர். எட்டடி தள்ளி சோபாவில் உட்கார்ந்தவர் படிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இது யாருக்குக் கொடுத்தது. 8க்கு 10 அங்குலப் பலகையில் கலைஞர் பெயரின் எழுத்து உயரம் 12 முதல் 15 மி.மீ. இருக்கட்டும். அடுத்தது எதற்காகக் கொடுக்கிறோம் என்பது. அதற்கும் கீழே சங்கத்தின் பெயர், இடம், நாள். நிர்வாகிகள் பெயர் வேண்டுமென்றால் பலகையின் பின்பக்கம் ஒரு சிறு தகட்டில் போட்டுத் தருகிறோம்.

‘எதற்காக’ என்ற வரியில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். ‘இசைத்துறையில் ஆற்றிய சேவையைப் பாராட்டி’ என்பது எல்லாருக்கும் பொருந்தும். ஆகவே யாருக்கும் பொருந்தாது. ஜெயநகரில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மாவுக்கு அவர் மாணவிகள் ஒரு பலகை செய்யக் கொடுத்தார்கள். அதில் அவர்கள் எழுதச் சொன்னது: ‘மாயாமாளவகௌளையின் ஸரளி வரிசையிலிருந்து எங்களைக் கைப்பிடித்து அழைத்து வந்த டீச்சருக்கு.’ புரந்தரதாசர் வகுத்த பாடமுறையில் எல்லாப் பிள்ளைகளும் முதலில் தொடுகிற ராகம் அதுதானே. அந்த வரியைப் பொறித்து முடித்ததும் எங்கள் மெஷின் பையன் அதை இரண்டு தடவை வாசித்தான்.

பட்டங்களை எப்படிப் போடுவது? பத்மஸ்ரீ வாங்கியவர் என்றால் பெயருக்கு முன்னால் போடலாமா?

போடக் கூடாது. பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல, பெயருக்கு முன்னாலோ பின்னாலோ அடைமொழியாகச் சேர்க்கக் கூடாது என்று 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘பத்மஸ்ரீ இன்னார்’ என்று பொறித்துக் கொடுத்தால் சங்கடம் அவருக்குத்தான். தனி வரியில், எந்த ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார் என்று எழுதலாம்.

மற்றவை வேறு விஷயம். தமிழக அரசு தரும் கலைமாமணி, சென்னை மியூசிக் அகாடமி தரும் சங்கீத கலாநிதி, நம் ஊர் கானசமாஜம் தரும் சங்கீத கலாரத்னா இவற்றைப் பெயருக்கு முன்னால் போடுவது வழக்கம். ஆனால் நான்கு பட்டங்களை வரிசையாக அடுக்கினால் பெயர் மூச்சுத் திணறும். எதைப் போடலாம் என்று அவரையே ஒரு வார்த்தை கேளுங்கள். பெண் கலைஞருக்குத் திருமதியா செல்வியா என்று குழம்ப வேண்டாம். ‘விதூஷி’ என்றால் போதும், அவர் வித்தையைச் சொல்கிறது. பெயரின் எழுத்து வடிவத்தையும் அவரிடமே கேட்டு வாங்குங்கள். ‘லட்சுமி’யா ‘லக்ஷ்மி’யா, ‘ஸ்ரீநிவாசன்’ஆ ‘சீனிவாசன்’ஆ என்பதை அழைப்பிதழைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அழைப்பிதழிலும் தப்பு இருக்கும்.

அசோகச் சிங்க முத்திரை வைத்தால் கௌரவமாக இருக்காதா?

வேண்டாம். அரசு முத்திரையைத் தனியார் அமைப்புகள் பயன்படுத்துவதை 2005ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. கர்நாடக அரசின் இருதலைப் பறவையான கண்டபேருண்டச் சின்னத்தையும் நாங்கள் பொறிப்பதில்லை.

வாத்தியத்தின் படம் வைக்கலாமா? கூகிளில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறோம்.

வைக்கலாம். அந்தப் படத்தை முதலில் எங்களுக்கு அனுப்புங்கள். பாதித் தப்பு இங்கேதான் நடக்கிறது.

‘வீணை’ என்று தேடி எடுத்து வரும் படங்களில் பல சிதார். வீணையில் மெழுகில் பதித்த 24 மெட்டுகள் (விரல் அழுத்தும் குறுக்குக் கம்பிகள்) அசையாமல் நேராக நிற்கும், சிதாரின் மெட்டுகள் வளைந்து எழும்பியிருக்கும். வீணையின் நுனியில் இருக்கும் யாளி முகம் சிதாரில் கிடையாது. சரி, படம் வீணைதான் என்றால் அடுத்த தப்பு, இடவலம். வாசிக்கிறவரின் வலப்பக்கம் உருண்டையான குடம், இடப்பக்கம் யாளி. எதிரே உட்கார்ந்து பார்க்கும் நமக்குக் குடம் இடப்பக்கம் தெரிய வேண்டும். பலகையின் அமைப்புக்கு அழகாக இருக்கிறது என்று டிசைனர் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிவிடுவார். அவருக்கு அது வெறும் வடிவம். முப்பது வருடம் வீணை வாசித்தவருக்கு அதைக் கையில் வாங்கிய நொடியிலேயே தெரிந்துவிடும்.

மிருதங்கத்திலும் அப்படித்தான். கரணை எனும் கறுப்பு வட்டம் வலது கைப் பக்கமான வலந்தலையில் மட்டும் இருக்க வேண்டும், இடது கைப் பக்கமான தொப்பியில் கூடாது. வலந்தலை சின்னது, தொப்பி பெரியது. வாருக்கு அடியில் உருளைக் கட்டைகள் செருகியிருந்தால் அது வட இந்தியப் பக்கவாஜ். எங்கள் பழைய டிசைன் ஒன்றிலேயே இரண்டு பக்கமும் கரணை இருந்தது. ஒரு வித்வான் அதைக் கையில் வாங்கி, விரல் நுனியால் தொப்பிப் பக்கம் தட்டிக் காட்டி, “இதில் எப்படி தொம் வரும்?” என்று கேட்டார். அன்றைக்கே அந்த ஃபைலை அழித்தோம். இப்போது எல்லாப் படங்களையும் வாசிக்கிறவர்களிடம் காட்டி வரைந்து வைத்திருக்கிறோம்.

கலைஞர் இடக்கைக்காரரா என்றும் கேட்டுவிடுங்கள். மிருதங்க மேதை பழனி சுப்ரமணிய பிள்ளை இடக்கைக்காரர். அப்படிப்பட்டவருக்கு வழக்கமான படத்தை வைத்தால் அது அவர் வாத்தியம் அல்ல.

வயலின் என்றால் தாடைக்கடியில் வைத்து நின்று வாசிக்கும் படம் நமக்குச் சரிப்படாது. நம்மவர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசிக்கிறார்கள். தந்தி நான்கு. மைசூர் சௌடையாவின் நினைவாக ஏதாவது செய்வதானால் மட்டும் ஏழு. அவர் மூன்று தந்திகள் கூட்டி வாசித்தவர். மல்லேஸ்வரம் பக்கம் அவர் பெயரில் வயலின் வடிவத்திலேயே கட்டிய அரங்கம் இருப்பதால் பெங்களூருவில் வயலின் என்றதும் அந்தக் கட்டடத்தையே வரைந்து தரச் சொல்கிறார்கள். அழகாகத்தான் வரும். ஆனால் அது அரங்கத்தின் படம். கலைஞருக்கு அவர் வில்லும் கையும் போதும்.

நாகஸ்வரத்துக்கு ஷெனாய் படம் எடுத்து வராதீர்கள். நாகஸ்வரம் நீளமானது, அடியில் அணசு என்ற மணி வடிவப் பகுதி அகன்று விரியும், மேலே ஊதும் சீவாளிகள் கோத்த கயிறு தொங்கும். அந்தக் கயிற்றை விடாமல் வரைந்தால் நாகஸ்வரக்காரர் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

தமிழ் எழுத்து சரியாக வருமா? போன வருடம் வேறிடத்தில் செய்தபோது எழுத்தெல்லாம் உடைந்து வந்தது.

இந்த ஊரில் இது நிரந்தரத் தலைவலி. காரணம் இதுதான். நீங்கள் போனில் தட்டச்சு செய்வது யூனிகோடு. பல கடைகளில் ஓடும் டிசைன் மென்பொருளின் பழைய பதிப்புகளுக்கு அதைக் கோக்கத் தெரியாது. ‘கொ’ என்பதில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும் என்ற வரிசை குலைந்துவிடும், உயிர்மெய்க் குறிகள் புள்ளிவட்டத்தோடு தனியாக நிற்கும். மெஷின் ஓட்டும் பையனுக்குக் கன்னடமோ ஹிந்தியோதான் தெரியும் என்றால் திரையில் இருப்பது சரியா தப்பா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? திரையில் பார்த்ததை அப்படியே வெட்டித் தருவான். அவன்மேல் குற்றமில்லை.

நாங்கள் எழுத்தை முதலில் கோட்டுருவாக, அதாவது எழுத்தாக இல்லாமல் வெறும் வடிவமாக, மாற்றிவிடுகிறோம். அதற்கப்புறம் எந்தக் கணினியில் திறந்தாலும் உடையாது. பிறகு அசல் அளவில் தாளில் அச்செடுத்துத் தருகிறோம். அதை நீங்கள் வாசித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்ட பிறகே வேலை தொடங்கும். போனிலேயே பார்த்து ஓகே சொல்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டோம். ன, ண தப்பும் ல, ள, ழ தப்பும் சின்னத் திரையில் தப்பித்துவிடும். வீட்டில் தமிழாசிரியர் யாராவது இருந்தால் அவரிடமும் காட்டுங்கள்.

இன்னொரு விஷயம் புள்ளி. பித்தளையில் எழுத்தை ஊடுருவ வெட்டி எடுக்கும் வேலையில் புள்ளி தனித் துண்டு. அதைத் தனியாக ஒட்ட வேண்டும். ‘வித்வான்’ என்று ஒட்டிய எழுத்தில் கடைசிப் புள்ளி உதிர்ந்தால் ‘வித்வான’ என்று நிற்கும். அதனால் வெட்டி ஒட்டும் எழுத்துக்கு நாங்கள் தமிழில் சம்மதிப்பதில்லை. தகட்டில் அரித்தோ பொறித்தோ எடுக்கிறோம். எழுத்து உயரம் 5 மி.மீ.க்குக் கீழே போனால் ‘ஞ’, ‘ஷ’, ‘ஜ’ போன்றவற்றின் உட்சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

கன்னடம் கட்டாயமா?

சட்டப்படி இல்லை. 60 விழுக்காடு கன்னடம் என்ற 2024ஆம் ஆண்டின் விதி கடை, நிறுவனப் பெயர்ப் பலகைகளுக்கானது. ஆனாலும் பெங்களூரு மேடையில் கொடுக்கும் பலகையில் ஊரின் மொழியில் ஒரு வரி இருப்பது மரியாதை என்று நினைக்கிறோம். கலைஞர் பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் ஒரே அளவில் போட்டுவிடலாம். மூன்றாவதாக ஆங்கிலமும் வேண்டுமென்றால் நாள், இடம் மட்டும் ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மொழியிலும் எல்லாவற்றையும் எழுதினால் பலகை ரயில்வே அறிவிப்புப் பலகை ஆகிவிடும்.

தமிழ் வருடப் பெயர் போடலாமா?

போடுங்கள், அழகு. ராமநவமி சமயத்தில் மட்டும் கவனம். கன்னடத்தவருக்கு யுகாதியன்று வருடம் பிறந்துவிடும், நமக்குச் சித்திரை முதல் நாள்தான். அறுபது வருடப் பெயர்களும் இரு பக்கத்துக்கும் ஒன்று. ஆனால் இடைப்பட்ட நாட்களில் பெயர் மாறி நிற்கும். 2025 ஏப்ரல் 6 ராமநவமியன்று கன்னடப் பஞ்சாங்கப்படி விசுவாவசு, நம் பஞ்சாங்கப்படி இன்னும் குரோதி. ஒரே பலகையில் இரண்டு மொழியிலும் எழுதும்போது மொழிபெயர்ப்பவர் ஒரு பெயரையே இரண்டிலும் போட்டுவிடுவார். அந்த இடைப்பட்ட நாட்களில் விழா என்றால் ஆங்கிலத் தேதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எந்தப் பொருளில் செய்வது நல்லது?

எங்களைக் கேட்டால் பலா மரத்தில் பதித்த பித்தளைத் தகடு. வீணையும் மிருதங்கமும் தவிலும் பலாவில்தான் கடையப்படுகின்றன. வெட்டின புதிதில் மஞ்சளாக இருக்கும். வருடம் ஆக ஆகத் தேன் நிறத்துக்கும் அப்புறம் பழுப்புக்கும் போகும். கலைஞருக்கு அந்த மரத்தைத் தொட்டதுமே தெரியும். காலஞ்சென்ற தன் அப்பாவின் விரிசல் விட்ட மிருதங்கக் கட்டையை ஒருவர் எடுத்து வந்தார். அதிலிருந்து ஒரு துண்டை அறுத்து, உட்பக்கத்து உளித் தடங்களை அப்படியே விட்டு, அதன்மேல் தகடு பதித்தோம். அப்பாவின் சீடருக்குக் கொடுக்கும் விருது அது. இந்தப் பட்டறையில் செய்ததில் மிகவும் பிடித்தது எது என்றால் இதைத்தான் சொல்வோம்.

தகடு வேலை எப்படி என்று பலர் கேட்கிறார்கள். 2 மி.மீ. பித்தளையைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து, மேலே தண்ணீர் விட்டுப் பார்ப்போம். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பசை இன்னும் போகவில்லை. ஒரே படலமாகப் பரவினால் தகடு தயார். எழுத்தை விட்டு மற்ற இடத்தை மறைப்பு மையால் மூடி, ஃபெரிக் குளோரைடு கரைசலில் தொங்கவிடுவோம். மை மூடாத இடத்தை அது மெதுவாகத் தின்னும். நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படும் ஆழம் வந்ததும் எடுத்துக் கழுவி, பள்ளத்தில் கறுப்பு எனாமல் நிரப்பி, மேலே வழித்து, காய்ந்ததும் லாக்கர் அடிப்போம். லேசரில் இதைவிடச் சீக்கிரம் முடியும். ஆனால் பித்தளையில் லேசர் போடுவது பெரும்பாலும் மேலோட்டமான தடம். அரித்தெடுத்த எழுத்தை முப்பது வருடம் கழித்தும் விரலால் படிக்கலாம்.

அக்ரிலிக் இலேசு, விலையும் குறைவு. வார்ப்பு அக்ரிலிக் ஷீட்டா என்று கேட்டு வாங்குங்கள். அதில் பொறித்தால் வெள்ளைப் பனிபோல் எழுத்து தெரியும். மலிவான அழுத்துவார்ப்பு ஷீட்டில் எழுத்து உருகி மங்கிவிடும். பி.வி.சி. ஷீட்டை லேசரில் போடச் சொல்லாதீர்கள். குளோரின் கலந்த நச்சுப் புகை கிளம்பும், மெஷினும் துருப்பிடிக்கும்.

கிரிஸ்டல் என்று கடையில் விற்பது பெரும்பாலும் கண்ணாடிதான். மின்னும். கனமும் அதிகம், கீழே விழுந்தால் மூலை பெயர்ந்துவிடும்.

நம் மாநிலத்துக் கைவேலை ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் மூன்று வழி இருக்கிறது. மைசூரு ஈட்டி மரப் பதிப்பு, சன்னபட்டணத்து அரக்கு வேலை, பீதர் நகரத்து பித்ரி. பித்ரி என்பது துத்தநாகமும் செம்பும் கலந்த உலோகத்தை வார்த்து, வெள்ளிக் கம்பி பதித்து, பீதர் கோட்டை மண்ணால் கறுப்பாக்கும் கலை. கறுப்பில் வெள்ளிக் கோடாக ஒரு தம்பூரா இருந்தால் வேறெதுவும் எழுத வேண்டாம்போல் இருக்கும். விலையும் நாளும் அதற்குத் தகுந்தபடி ஆகும்.

அளவு, எடை?

ஒரு கையால் பிடிக்கும்படி இருக்கட்டும். 8க்கு 10 அங்குலம் 2 மி.மீ. பித்தளைத் தகடு மட்டுமே கிட்டத்தட்ட 900 கிராம். அதே அளவு 5 மி.மீ. அக்ரிலிக் 300 கிராம்தான். மரமும் சேர்ந்தால் மொத்தம் ஒன்றரை கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறோம். எண்பது வயது வித்வானுக்குச் சால்வை போர்த்தி, பேட்டா வைத்து, மாலை போட்டு, பழத்தட்டையும் கொடுத்துவிட்டு, அதன்மேல் நாலு கிலோ கேடயத்தையும் வைத்தால் போட்டோவுக்குச் சிரிக்கவா முடியும்? அவர் மறுநாள் காலை சென்னைக்கு வண்டி ஏற வேண்டும், கையில் தம்பூராவும் இருக்கும். உறையும் பெட்டியும் சேர்த்தே தருகிறோம். மேடையில் பலகையைக் கொடுத்த பிறகு பெட்டியை அவர் பிள்ளையிடமோ சீடரிடமோ சேர்த்துவிடுங்கள். பெட்டி பாதி நேரம் மண்டபத்திலேயே கிடந்துவிடுகிறது.

எங்கள் பேண்டுக்குத் தங்க இசைத்தட்டு மாதிரி வேண்டும். செய்ய முடியுமா?

முடியும், விருப்பமாகச் செய்கிறோம். இந்த வழக்கம் அமெரிக்காவில் பிறந்தது. 1942 பிப்ரவரியில் கிளென் மில்லர் என்ற இசைக்குழுத் தலைவருக்கு அவர் ரெக்கார்டு கம்பெனி தங்கப் பூச்சுப் பூசிய இசைத்தட்டைக் கொடுத்தது. 1958 முதல் அங்குள்ள ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கம் முறையாகச் சான்று தரத் தொடங்கியது. இப்போது 5 லட்சம் பிரதிக்குத் தங்கம், 10 லட்சத்துக்குப் பிளாட்டினம்.

அந்தச் சங்கத்தின் முத்திரையையோ ‘சான்றளிக்கப்பட்டது’ என்ற வார்த்தையையோ உங்கள் தட்டில் போட மாட்டோம். யூடியூபின் விருதுப் பொத்தான் வடிவமும் அப்படித்தான், அது அவர்கள் தருவது. ‘எங்கள் முதல் ஆல்பம், எங்கள் நண்பர்களுக்கு’ என்று உண்மையை எழுதுங்கள். கீறல் விழுந்து ஓடாமல் போன பழைய 12 அங்குல இசைத்தட்டைக் கழுவி, அடிப்பூச்சு கொடுத்து, தங்க நிறம் அடிப்போம். பூச்சு மெலிதாக இருக்க வேண்டும், தடங்கள் வெளிச்சத்தில் வளையம் வளையமாக மின்ன வேண்டும். அதில்தான் அழகே. நன்றாக ஓடும் அபூர்வத் தட்டைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம்.

பாட்டுக்கான கியூ.ஆர். கோடு வைக்கலாம். தெளிந்த அக்ரிலிக்கில் வெறுமனே பொறித்தால் போன் படிக்காது, பின்னால் வெள்ளைப் பூச்சு வேண்டும்.

பாட்டு வரியோ ஸ்வரமோ பொறிக்கலாமா?

தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி கிருதிகள் என்றால் தாராளமாக. ஆசிரியர் இறந்து 60 வருடம் வரை பதிப்புரிமை உண்டு என்பதால் சினிமாப் பாட்டுக்கும் பாட்டு இயற்றும் இன்றைய வாக்கேயக்காரர்களுக்கும் அனுமதி வாங்கி வாருங்கள்.

ஸ்வரம் பொறிப்பது அருமையான யோசனை. ஆனால் மேல் ஸ்தாயி (உயர்ந்த ஸ்வர வரிசை) என்று காட்ட எழுத்தின்மேல் வைக்கும் புள்ளி, தமிழில் மெய்யெழுத்துப் புள்ளியாகிவிடும். ‘ஸ’ ‘ஸ்’ ஆகும். நாங்கள் ஸ்தாயிப் புள்ளியைச் சற்று உயர்த்தி, நிறம் மாற்றி வைக்கிறோம். காற்புள்ளி ஓர் அட்சரம் (தாள அளவு), அரைப்புள்ளி இரண்டு அட்சரம் என்பது தெரியாத டிசைனர் அவற்றைத் தேவையில்லாத குறி என்று அழித்துவிடுவார். தாளமே போய்விடும். நீளமான ஸ்வரம் வேண்டாம், கலைஞருக்குப் பிடித்த ராகத்தின் ஆரோகண அவரோகணம் (ஏறுவரிசை, இறங்குவரிசை) போதும். மோகனம் என்றால் ‘ஸ ரி க ப த ஸ, ஸ த ப க ரி ஸ’. ஓரத்தில் ஒற்றை வரியாக ஓடினால் தெரிந்தவர்கள் வாசித்துக்கொள்வார்கள்.

பக்கவாத்தியக்காரர்களுக்கு சின்ன சைஸில் செய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஒரே மேடையில், ஒரே கச்சேரியில், பாடியவருக்கு ஒரு முழம், கடம் வாசித்தவருக்கு ஒரு சாண் என்று நீட்டுவது கண்ணை உறுத்துகிறது. பட்ஜெட் இடிக்கிறதென்றால் எல்லாருக்கும் ஓர் அங்குலம் குறையுங்கள். வாசகம் வேறாக இருக்கட்டும், அளவு ஒன்றாக இருக்கட்டும். தம்பூரா போட்ட பிள்ளைக்கும் ஒன்று செய்யுங்கள். இரண்டரை மணி நேரம் சுருதி பிசகாமல் மீட்டிய கை அது.

கலைஞரின் போட்டோ வைக்கலாமா?

வைக்கலாம். வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கி வரும், டாக்குமென்டாக அனுப்புங்கள். எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசி நேரத்தில் கலைஞர் மாறிவிட்டால்?

கச்சேரி உலகில் இது நடக்கத்தான் செய்யும், தொண்டைக் கட்டு யாரைக் கேட்டு வருகிறது? பெயர் மட்டும் தனித் தகடாக, நான்கு திருகில் மாட்டும்படி செய்து தருகிறோம். மாற்றுக் கலைஞரின் பெயரைக் காலையில் சொன்னால் மாலைக்குள் புதுத் தகடு தயார். பழைய பெயருக்கு மேல் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டாதீர்கள். பின்னால் உரிந்து, வேறொருவர் பெயர் எட்டிப் பார்க்கும்.

வீட்டில் எப்படித் துடைப்பது?

பித்தளை என்றதும் புளியும் பீதாம்பரியும் எடுத்துத் தேய்த்துவிடுகிறார்கள். லாக்கர் போய், எனாமலும் பெயர்ந்து, எழுத்து வெறும் பள்ளமாகிவிடும். உலர்ந்த மெல்லிய துணி போதும், பூஜைச் சாமான்களோடு சேர்க்காதீர்கள். அக்ரிலிக்கில் ஸ்பிரிட்டோ கண்ணாடி துடைக்கும் திரவமோ படக் கூடாது, வெட்டிய ஓரங்களில் மயிரிழை விரிசல் ஓடும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். கிரிஸ்டலை நேர் வெயில் விழும் ஜன்னலில் வைக்காதீர்கள், வளைந்த கண்ணாடி வெயிலைக் குவிக்கும்.

தாத்தா வாங்கிய பழைய கேடயம் ஒன்று இருக்கிறது. புதுசு மாதிரி ஆக்கித் தருவீர்களா?

கொண்டு வாருங்கள், பார்க்கிறோம். கரையான் அரித்த மரத்தை மாற்றுவோம், தளர்ந்த ஆணியை எடுத்துத் திருகு போடுவோம், பின்பக்கம் மாட்டுவதற்குக் கொக்கி வைப்போம். தகட்டில் இருக்கும் எழுத்தைத் தொட மாட்டோம். அந்தக் காலத்தில் உளியும் சுத்தியும் கொண்டு கையால் கொத்திய எழுத்து அது. ‘னை’, ‘லை’ எல்லாம் பழைய வடிவத்தில், யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்திருக்கும். போன மாதம் வந்த ஒன்றில் தாத்தாவின் பெயர் மங்கிப்போய், வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரிந்தது. பேத்தி அதைப் பளபளவென்று மெருகேற்றச் சொன்னார். தினமும் பாட்டி புடவைத் தலைப்பால் அந்தப் பெயரைத் துடைப்பார் என்று அவரே பேச்சுவாக்கில் சொன்னார். மரத்தை மட்டும் மாற்றி, தகட்டை அப்படியே கொடுத்து அனுப்பினோம்.